இப்பியும் வெள்ளியும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



பேசாலைக் கடலுக்கு மேலே இனந்தெரியாத ஒளி நின்றதென்று ஒரு படம் கைத்தொலைபேசியில் வந்தால், நம் இளைஞர்கள் இரவோடிரவாக அதை நூறு பேருக்கு அனுப்பிவிடுகிறார்கள். பெரியவர்களோ படத்தைப் பாராமலே "புளுகு" என்று தள்ளிவிடுகிறார்கள். இரு பகுதியாரும் விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதுகின்றனர். இடையில் அகப்படுபவர், கடலில் அதைக் கண்ட தொழிலாளி. ஒருமுறை ஊர் சிரித்துவிட்டால் மறுமுறை அவர் வாய் திறக்கமாட்டார். தீப்பற்றிய வள்ளத்தின் வெளிச்சத்தைக் கண்டாலுங்கூடச் சொல்லத் தயங்குவார். அதனாலேயே இன்று இந்தப் பொருளை எடுத்துக்கொண்டோம்.

1947 யூன் 24 ஆந் திகதி அமெரிக்க விமானி கெனத் ஆர்னல்ட் ஒன்பது பொருள்களை வானிற் கண்டதாகக் கூறியதிலிருந்து 'பறக்கும் தட்டு' என்ற பேச்சு உலகெங்கும் பரவிற்று. ஆனால் கண்டவன் சொல்லை எவ்வாறு எடைபோடுவது என்ற கேள்வி நமக்குப் பழையது. சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியைப் பாடங் கேட்டவர்கள் அறிவர்: காட்சி என்றதனால் மட்டும் அது பிரமாணமாகிவிடாது, ஐயமும் திரிவும் நீங்கியிருத்தல் வேண்டும். இப்பியை வெள்ளியென்று கொள்பவன் பொய்யனல்லன். அவன் கண்ட மினுக்கம் உண்மை. அது வெள்ளி என்ற முடிவே பிழை. முத்துச் சலாபம் நடந்த கரையிற் பிறந்த நமக்கு இவ்வுதாரணத்தை விரிக்க வேண்டியதில்லை. ஆகவே கேள்விகள் இரண்டு. சொல்பவர் மெய் சொல்கிறாரா? அவர் கண்ட பொருள் யாது? முதற் கேள்வியின் விடையை இரண்டாவதற்கும் விடையாகக் கொள்வதிலேதான் குழப்பமெல்லாம் பிறக்கிறது.

1956 முதல் 2008 இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க்கை எடுத்துக்கொள்வோம். செய்மதிகளைக் கொண்டு உலகெங்கும் செய்தி அனுப்பலாமென்று 1945 இலேயே எழுதியவர் அவர். 1964 மே 17 இரவு நியூயோர்க்கில், திரைப்பட இயக்குநர் ஸ்ரான்லி குப்ரிக்கும் அவரும் ஒளிமிக்க பொருளொன்று வானிற் செல்வதைக் கண்டனர். பத்திரிகையில் வந்த செய்மதி அட்டவணையில் அந்த நேரத்துக்கு ஒன்றுமில்லை. இருவரும் திகைத்து, விமானப்படையின் படிவத்தையும் நிரப்பினர். பிறகு கணக்கிட்டுப் பார்த்தபோது, அது எக்கோ 1 என்னும் பலூன் செய்மதி என்று தெளிவாயிற்று. அட்டவணையில் அந்த ஒரு வரவு விடுபட்டிருந்தது! கிளார்க்குக்கே இது நேருமாயின், பாட்டில் வலைபோடும் ஒருவரைப் பார்த்துச் சிரிக்க நமக்கு என்ன உரிமை?

நம் கடலோ இத்தகைய ஒளிகளுக்குப் பஞ்சமில்லாத கடல். இராமேசுவரத்துத் தொலைக்காட்சிக் கோபுரம் 323 மீற்றர் உயரம். தலைமன்னாரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீற்றர் தூரமாயினும், அத்தனை உயரத்து விளக்கைக் கடலின் வளைவு மறைக்காது. நீர் குளிர்ந்தும் மேற்காற்று சூடாகியும் இருக்கும் இரவில் ஒளிக்கதிர் வளைவதால், தூரத்து விளக்கு மேலெழுந்ததுபோலவும் நீண்டதுபோலவும் தோன்றக்கூடும். பேய்த்தேர் பாலைநிலத்துக்கு மட்டும் உரியதன்று. சிறீகரிக்கோட்டாவிலிருந்து புறப்படும் ரொக்கெற்றுகளுட் சில இலங்கையைத் தவிர்த்து வளைந்து தெற்கே செல்வன. அந்திவேளையில் அவற்றின் புகை வெயில் பட்டு ஒளிரும். விடிவெள்ளியைச் சொல்லவே வேண்டாம். இருளில் ஒற்றை ஒளியை உற்றுப் பார்த்தால், அசையாத ஒளியும் அசைவதுபோலத் தோன்றும் என்பது ஆய்ந்தறிந்த உண்மை. ஆடும் வள்ளத்தில் இருந்து பார்ப்பவருக்குக் கேட்பானேன்?

மெய்யான படமும் ஏமாற்றும். 2014 நொவெம்பர் 11 இல் சிலி நாட்டுக் கடற்படை ஹெலிகொப்ரரிலிருந்து வெப்பக் கமராவினால் ஒரு படம் எடுத்தனர். அரசாங்கக் குழுவொன்று இரண்டாண்டு ஆராய்ந்து, விளங்கவில்லை என்று 2017 சனவரியில் அதனை வெளியிட்டது. சில நாட்களுள் தனியாட்கள் விமானப் பயணப் பதிவுகளை ஒப்பிட்டு, சந்தியாகோவிலிருந்து மத்ரித்துக்கு ஏறிக்கொண்டிருந்த பயணிகள் விமானமே அது என்று காட்டினர். விமானம், பார்த்தவர்கள் மதித்ததைவிட வெகுதூரத்தில் இருந்தது. அங்கே யாரும் பொய் சொல்லவில்லை.

இனிப் புளுகுகள். 2007 ஆகஸ்ற்றில் ஹெயிற்றி நாட்டு மரங்களுக்கு மேலே தட்டுகள் பறப்பதாக ஒரு படம் உலகைச் சுற்றியது. அது முழுவதும் கணினியிற் செய்தது. காட்டிக்கொடுத்தவை மரங்கள்: அச்சுப்போல் ஒரே வடிவத்தில் நின்றன. பனைக்கும் தென்னைக்கும் நடுவே வளர்ந்த நம் சிறுவர்களே கண்டுபிடித்திருப்பார்கள்!

அதனிலும் நாம் கற்கவேண்டியது 1970 மார்ச்சு 28 இல் இங்கிலாந்தின் வார்மின்ஸ்ரர் ஊரில் நடந்தது. தட்டு ஆராய்ச்சியாளர்களைச் சோதிப்பதற்காக டேவிட் சிம்ஸன் என்பவரும் நண்பர்களும் தூரத்துக் குன்றிலிருந்து ஊதாநிற விளக்கொன்றைக் காட்டினர். கூட்டத்தில் நின்ற அவர்களுடைய ஆள், முன்கூட்டியே பொய்ப்படம் பதித்த சுருளைக் கமராவில் வைத்திருந்தார். கூடிநின்றோர் விளக்கைக் கண்டது உண்மை. படமோ அவர்கள் கண்டதோடு பொருந்தவில்லை. அப்படியிருந்தும் அப்படங்கள் மெய்யென்றே தட்டு ஆராய்ச்சிச் சஞ்சிகையொன்றில் வெளிவந்தன. சாட்சிகளின் சொல்லைப் படத்தோடு வைத்துப் பார்த்திருந்தால் அன்றே பொய் வெளிப்பட்டிருக்கும். இன்றோ ஒரு வரி எழுதிக் கொடுத்தாற் கணினியே படம் செய்து தருகிறது. தனிப் படத்தை நம்புவதற்கு இடம் இன்னுங் குறைவு.

ஆகையால் இளைஞர்களிடம் நாம் வேண்டுவது இது. படம் வந்தால், அதை எடுத்த தொலைபேசியையே பாருங்கள். கைமாறி வந்த பிரதியில் எடுத்த நேரமும் இடமும் அழிந்திருக்கும். கண்டவர் இருவராயின் தனித்தனியே கேளுங்கள். "தட்டுப் போலவா இருந்தது?" என்று நீங்களே வாயில் ஊட்டாதீர்கள். வாடைப் பக்கமா, கச்சான் பக்கமா, நீட்டிய கையின் எத்தனை விரல் உயரம், ஆறாமீனுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால், நம் கடற்றொழிலாளர் படித்தவர்களைவிடத் துல்லியமாகச் சொல்வர். தூரமும் பருமனும் மட்டும் கேட்கவேண்டாம். இருளில் அவற்றை யாராலும் சொல்லமுடியாது.

அமெரிக்க விமானப்படை 1947 முதல் 1969 வரை திரட்டிய 12,618 முறைப்பாடுகளுள் 701 விளங்காமலே நின்றன. அவற்றை அவர்கள் 'இனங்காணப்படாதவை' என்றே எழுதிவைத்தனர். நமக்கும் அப்படிச் சில மிஞ்சலாம். சங்க நூலகத்தில் கொப்பியொன்று வைத்திருக்கிறோம். கண்டவர் பிறரோடு பேசுமுன், அன்றிரவோ மறுநாட் காலையோ வந்து எழுதலாம். எழுதத் தெரியாதவருக்குச் செயலாளர் எழுதிக்கொடுப்பார். பெயர் வெளியே போகாது. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரக் கோபுரம் எந்தத் திசையில் என்பதை முதற்பக்கத்தில் வரைந்து வைத்துள்ளோம்.