கைப்பிடிப் பருப்பும் அவமோதரியமும்

 

மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்திய நாள் தீபாவளி. அந்த ஒரு நாளை நம்பியே சிவகாசிப் பட்டாசு ஆலைகள் ஆண்டு முழுவதும் இயங்குகின்றன. திருநாள் நெருங்குகையில் விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வணிகர் இல்லங்களில் உலர்பழப் பெட்டிகள் வந்து குவியும். பாதாம், முந்திரி, பிஸ்தா, அக்ரூட் என அறை அறையாகப் பிரித்த பெட்டிகள். முன்னாளில் இனிப்புப் பெட்டி வந்தது. சர்க்கரை நோய்க்கு அஞ்சிய காலத்தில் அதன் இடத்தை இவை பிடித்துக்கொண்டன. இனிப்பு இல்லாத பண்டத்திற்கு அளவும் இல்லை என்று பலர் எண்ணிவிட்டனர். கல்லாப்பெட்டிக்கு அருகே ஒரு டப்பா. கணக்கு எழுதும்போது ஒரு கை, சரக்கு எடுத்தவர் சென்றபின் ஒரு கை. மாலைக்குள் 100 கிராம், 150 கிராம் உள்ளே சென்றுவிடுகிறது. வீட்டு உணவில் ஒரு கவளமும் குறைவதில்லை. இஃது உடலுக்கு நன்றா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பருப்பின் நன்மையை மறுப்பார் இல்லை. ஸ்பெயின் நாட்டில் 7,447 பேரைக் கொண்டு நடந்த ‘பிரெடிமெட்’ ஆய்வின் முடிவு 2013இல் வெளிவந்தது. முறைகேடுகள் திருத்தப்பெற்று 2018இல் மீண்டும் வெளியிடப்பட்டது. இதய நோய் வரும் வாய்ப்பு மிகுந்தவர்கள் காய்கனி நிறைந்த உணவோடு நாள்தோறும் பருப்பும் உண்டனர். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை அவர்களிடம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. இச்செய்தியைப் பலர் அறிவர். அவர்கள் உண்ட அளவு 30 கிராம் மட்டுமே என்பதை அறிந்தவர் சிலரே. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியிலும், 2,000 கலோரி உண்பவர்க்குக் கொட்டைகளும் விதைகளும் சேர்ந்து 35 கிராம் என்றே உள்ளது. தாளிப்பில் சேரும் எள்ளும் சட்னியில் அரைக்கும் கடலையும் இந்தக் கணக்கிற்குள் அடங்கும். பாதாமாயின் 30 கிராம் என்பது ஏறத்தாழ 25 பருப்பு.

இதற்கு மேல் உண்டால் என்ன ஆகும் என்பதை விருதுநகர்க்காரர்க்கு விளக்க வேண்டுவதில்லை. கடலையை ஆட்டினால் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய் என்பது எண்ணெய் ஆலைக்காரர் எவர்க்கும் தெரியும். பாதாமும் அவ்வாறே. 100 கிராம் பாதாமில் கொழுப்பு 50 கிராம். ஆற்றல் 580 கலோரி அளவு. 50 கிராம் எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கச் சொன்னால் எவரும் குடியார். மென்று தின்னும்போது அந்த எண்ணம் எழுவதில்லை.

“முட்டையும் புலாலும் இல்லாதவர்க்குப் புரதம் வேண்டாவா?” என்று வினவுவர். வேண்டும். 100 கிராம் பாதாமில் புரதம் 21 கிராம். துவரம்பருப்பிலும் அதே அளவு உண்டு. ஆற்றலோ 340 கலோரி அளவுதான், கொழுப்பு மிகச் சிறிது. பருப்பு மண்டிகளுக்குப் பெயர்பெற்ற ஊரில் இருந்துகொண்டு புரதத்திற்குக் கலிபோர்னியாவை நோக்குவது வியப்பே.

விரத காலத்தில் இன்னொன்று நிகழ்கிறது. ஏகாசனம் நோற்பவர் பகலில் ஒருமுறை மட்டும் அமர்ந்து உண்பர். மறுநாள்வரை தாங்க வேண்டுமே என்று இலையின் ஓரத்தில் முந்திரியும் பாதாமும் குவிக்கப்படுகின்றன. உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் புறத்தவம் ஆறனுள் உண்ணாநோன்பை அடுத்து அவமோதரியத்தை வைக்கிறது. ஊணோதரி என்பதும் அதுவே. ஆடவர்க்கு நிறையுணவு 32 கவளம் என்பது மரபு. அதில் ஒரு கவளம் குறைத்தாலும் அது தவம். குவியலைக் கண்டால் வேளையைக் குறைத்த கை அளவைக் கூட்டிவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

சூரியன் மறைந்தபின் நீரும் அருந்தாத சௌவிஹார் நோன்புடையோர் மற்றொன்றையும் கருத வேண்டும். பாதாமிலும் முந்திரியிலும் ஆக்சலேட் மிகுதி. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. கந்தக பூமி என்று பெயர்பெற்ற இந்த வெயிலில் பகல் முழுதும் வேர்த்து, இரவெல்லாம் நீரின்றி இருப்பவரின் சிறுநீர் செறிவுறும். முன்பே கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்டபின் டப்பாவைத் திறப்பது நன்று. பகலில் நீர் நிறைய அருந்துவதும் இன்றியமையாதது.

சாதுர்மாசத்தில் உலர்பழங்களை விலக்கும் வழக்கம் சுவேதாம்பரக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. ஈரத்தில் நுண்ணுயிர் பெருகும் என்பதே காரணம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தன. அவற்றுக்கு இட்ட கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு இருந்தது பின்னரே தெரிந்தது. அதற்கு அஃபிளாடாக்சின் என்று பெயரிட்டனர். கல்லீரலைக் கெடுப்பது, வறுத்தாலும் முற்றும் அழியாதது. சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எதுவாயினும் துப்பிவிட வேண்டும். நாள்தோறும் நிறைய உண்பவர்க்கு இந்த ஆபத்தும் அந்த அளவிற்குக் கூடும்.

நிலக்கடலை மண்ணுள் விளைவதால் ஆகுமா என்று வினவுவாரும் உளர். அதன் பூ மண்ணுக்கு மேலே பூக்கிறது. கருவுற்றபின் காம்பு நீண்டு மண்ணுள் புகுந்து காயாகிறது. கிழங்கன்று, விதையே. ஆதலின் பலர் ஏற்கின்றனர். கடலையும் முந்திரியும் தென்னமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்தவை. பழைய நூலோர் அவற்றைக் கண்டிலர். ஆயினும் அளவை அவர்கள் நன்கறிந்தனர். சமணராகிய கணிமேதாவியார் தம் நூலுக்கு இட்ட பெயர் ஏலாதி. அம்மருந்தில் ஏலம் ஒரு பங்கு, இலவங்கம் இரண்டு பங்கு என ஏறிச் சுக்கு ஆறு பங்காகும். பொருள் ஆறும் இருந்து பங்கு பிறழ்ந்தால் அது சூரணம் ஆகாது.

பட்டாசு ஆலையில் பணிபுரியும் பெண்ணின் வீட்டில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. அங்குள்ள குழந்தைக்குக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஒரு துண்டு கிடைத்தால் அது ஊட்டம். (ஐந்து வயதுக்கு உட்பட்டோர்க்கு முழுப் பருப்பு தரலாகாது, மூச்சுக்குழலில் சிக்கும். பொடித்துத் தருக.) தீபாவளிக்குப் பின் ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும், அந்நாட்களில் கூலி இராது. வணிகர் இல்லங்களில் பிரிக்கப்படாத பெட்டிகள் அடுக்கிக் கிடப்பதும் அதே வாரங்களில்தான்.