ஐஸ்கிரீம் யார் மேல் விழுகிறது?

(கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சினிமா நகைச்சுவையைப் பற்றிப் பேச ஒரு ஆய்வு மாணவரைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். துணிச்சல்தான். நாங்கள் பேச ஆரம்பித்தால் முதலில் சாவது சிரிப்புதான். அதனால் கோட்பாடுகளை ஓரமாக வைத்துவிட்டு ஒரு ஐஸ்கிரீமிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சாப்ளின் நடித்து 1917இல் வந்த 'தி அட்வென்ச்சரர்' படத்தில் ஒரு காட்சி. பால்கனியில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார். அது தவறி அவருடைய தொளதொள பேண்ட்டுக்குள் விழுகிறது. நெளிகிறார். அது கால் வழியாக இறங்கி, கீழே உட்கார்ந்திருக்கும் பணக்காரச் சீமாட்டியின் முதுகில் போய் விழுகிறது. அடுத்த ஆண்டு சாப்ளின் ஒரு கட்டுரையில் இந்தக் காட்சியைப் பிரித்துக் காட்டினார். அந்த இடத்தில் வீட்டு வேலை செய்யும் ஏழைப் பெண் இருந்திருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள், ஐயோ பாவம் என்றிருப்பார்கள் என்பது அவர் கணக்கு. பணக்காரர்களின் மிடுக்கு சரிவதைப் பார்க்கத்தான் கூட்டத்துக்கு ஆசை.

நல்ல கணக்கு. ஆனால் நம் ஊரில் அது செல்லவில்லை. தமிழ்ச் சினிமாவில் அந்த ஐஸ்கிரீம் பல பத்தாண்டுகளாக வேலைக்காரப் பெண் மேலேயேதான் விழுந்துகொண்டிருக்கிறது. கறுப்பானவர், குள்ளமானவர், பல் எடுப்பானவர், சமையல்காரர், துணி வெளுப்பவர், முடி வெட்டுபவர். அரங்கம் சிரித்தது. நாமும் சிரித்தோம். (திருநங்கைகளை வைத்துச் செய்யப்பட்ட கேலியைப் பேசத் தனிக் கூட்டம் வேண்டும். அதை அவர்கள் பேச நாம் கேட்க வேண்டும்.)

சாப்ளின் ஏன் இங்கே தோற்றார்? தனக்குக் கீழே இருப்பவர்மீது பரிதாபம் வரும் என்று அவர் நம்பினார். சாதி இருக்கிற இடத்தில் அந்தப் பரிதாபம் பிறப்பதற்கு முன்பே அறுக்கப்பட்டுவிடுகிறது. அம்பேத்கர் படிநிலை ஏற்றத்தாழ்வு என்று சொன்னது இதைத்தான். ஒவ்வொருவருக்கும் மிதிக்க ஒருவர் கீழே இருக்கிறார். அப்படியொரு சமூகத்தில் கீழே விழுபவரைப் பார்த்துச் சிரிப்பது நமக்குப் பழக்கம். பழக்கத்தில் வருகிற சிரிப்புக்குப் புத்தி தேவையில்லை. கூர்மையான நகைச்சுவைக்கும் மொக்கைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் இங்கேதான் பார்க்கிறேன்.

கவுண்டமணி செந்திலை எடுத்துக்கொள்வோம். முகம் சுளிக்காதீர்கள், எனக்கு அவர்களைப் பிடிக்கும். 'கரகாட்டக்காரன்' 1989இல் வந்தது. வாழைப்பழக் காட்சி உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு ரூபாய் கொடுத்து இரண்டு பழம் வாங்கிவரச் சொல்கிறார் கவுண்டமணி. ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைக் கொடுக்கிறார் செந்தில். இன்னொன்று எங்கே என்று கேட்டால், கையில் இருக்கும் பழத்தைக் காட்டி அதுதான் இது என்கிறார். கவுண்டமணி அடிக்கிறார், ஆள் கூட்டி நியாயம் கேட்கிறார், கத்துகிறார். பதில் மாறவே இல்லை.

இதில் நம்மைச் சிரிக்க வைப்பது அடி இல்லை. அடி வெறும் முற்றுப்புள்ளி. சிரிக்க வைப்பது செந்திலின் தர்க்கம். அதிகாரம் இருப்பவர் கேள்வி கேட்கிறார். அதிகாரம் இல்லாதவர் அந்தக் கேள்வியைச் சொல்லுக்குச் சொல் சரியாகப் புரிந்துகொண்டு, அதனாலேயே அதைச் செல்லாததாக்குகிறார். எதிர்த்துப் பேச முடியாதவர்கள் காலம் காலமாக வைத்திருக்கும் ஆயுதம் இது. பண்ணையார் வீட்டில் 'சொன்னது புரியலீங்க' என்று நின்ற ஒவ்வொருவரிடமும் இது இருந்தது. அந்த நகைச்சுவைப் பகுதிகளை எழுதிய ஏ.வீரப்பனுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதே ஜோடி அடுத்த காட்சியில் செந்திலின் தலையையும் நிறத்தையும் வைத்து வசவுப் பட்டியல் வாசிக்கும்போது எனக்கு அலுப்பாக இருக்கிறது. அந்தப் பட்டியலை எழுத எழுத்தாளரே வேண்டாம், தெருவில் நின்றால் இலவசமாகக் கிடைக்கும்.

நான் முதுகலை படித்தபோது விடுதியில் ஒரு நண்பன் இருந்தான். வந்த முதல் வாரமே அவன் நிறத்தைப் பார்த்து ஒரு நகைச்சுவை நடிகரின் பெயரை வைத்துவிட்டார்கள். அவன் அந்தப் பெயருக்கு உரத்த குரலில் பதில் சொல்வான், எல்லோருக்கும் முன்னால் அவனே சிரிப்பான். இரண்டு வருடமும் அவன் சொந்தப் பெயரைக் கேட்டது வருகைப் பதிவேட்டில் மட்டும்தான். திரையில் ஒன்றரை நிமிடம் வந்துபோகிற காட்சிக்கு வெளியே இவ்வளவு நீண்ட ஆயுள் உண்டு.

தானே முந்திச் சிரித்துக்கொள்வதைப் பற்றிப் பேசும்போது 'தேவர் மகன்' நினைவுக்கு வராமல் இருக்காது. 1992. இசக்கியாக வடிவேலு. பெரிய வீட்டுப் பிள்ளை சொல்லித்தான் கோயில் பூட்டை உடைக்கிறான். அதற்காக அவன் கையை வெட்டிவிடுகிறார்கள். மருத்துவமனையில் பார்க்க வந்த பெரிய வீட்டுப் பிள்ளையின் முகம் இருண்டிருக்கிறது. அப்போது இசக்கி, இனிமேல் தின்பதற்கும் கழுவுவதற்கும் ஒரே கைதான் என்று தன் கையை வைத்தே வேடிக்கையாகப் பேசுகிறான். நடிப்பாகப் பார்த்தால் அபாரம். ஆனால் அந்த வேடிக்கை யாருக்காக? கை போனவன், கை போகக் காரணமானவரின் குற்றவுணர்ச்சியைத் துடைத்துவிடுகிறான். பார்வையாளரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டுப் பெரிய குடும்பங்களின் துயரத்துக்குத் திரும்பிப் போகலாம். வெட்டுப்பட்ட கையின் கணக்கு அந்தச் சிரிப்போடு முடிந்தது. மழுங்கிய நகைச்சுவை என்று நான் சொல்வது இதை. மழுங்கியது என்றால் சிரிப்பு வராதது என்று அர்த்தமில்லை. சிரிக்க வைத்துக் கேள்வியை எழவிடாமல் பார்த்துக்கொள்வது.

இந்த இசக்கிதான் என் மாமன்னன் என்று மாரி செல்வராஜ் 2023இல் மேடையிலேயே சொன்னார். நமக்குப் பழகிய அந்த முகம் 'மாமன்ன'னில் சட்டமன்ற உறுப்பினராகியும் உட்கார நாற்காலி இல்லாமல் நிற்கிறது. முதல் சில நிமிடங்கள் அரங்கில் எதற்கென்றே தெரியாமல் சிலர் சிரித்ததைக் கேட்டேன். வடிவேலு நின்றாலே சிரித்துப் பழகிவிட்டோம். படம் அந்தப் பழக்கத்தைத் தொண்டையிலேயே நிறுத்தியது.

இரண்டுக்கும் நடுவில் வடிவேலு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகள் முழுக்க அரிவாளும் மீசையும் வம்சப் பெருமையுமாகப் படங்கள் வந்தன. அவற்றுக்கு எத்தனையோ விமர்சனக் கட்டுரைகள் எழுதப்பட்டன. ஆனால் அந்த வீறாப்பை உண்மையில் காலி செய்தது 2003இல் 'வின்ன'ரில் வந்த கைப்புள்ளதான் என்பது என் எண்ணம். சங்கம் வைத்து, ஆள் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி நடந்து, போகிற இடமெல்லாம் அடி வாங்கி, வாங்கிய அடிக்கும் ஒரு பெருமை கற்பித்துக்கொள்ளும் அந்த மனிதரைப் பார்த்த பிறகு, திரையில் யாராவது மீசையை முறுக்கினால் பக்கத்து இருக்கையில் ஒரு களுக் சத்தம் கேட்கும்.

அடுத்து 2006இல் சிம்புதேவனின் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'. ஆண்ட பரம்பரை என்று சுவரொட்டி ஒட்டாத சாதி இன்று உண்டா? எல்லோரும் ஆண்டார்கள் என்றால் ஆளப்பட்டவர்கள் யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்தப் பெருமைக்கு முன்னால் இந்தப் படம் ஒரு மன்னரைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஓவியத்தில் இன்னொருவன் உடம்பின் மேல் தன் தலையை ஒட்டிக்கொள்ளும் மன்னர். அவர் செய்யும் மக்கள் பணிகளில் ஒன்று, சாதிச் சண்டை போட்டுக்கொள்வோரின் வசதிக்காகத் தனி மைதானம் திறந்து வைப்பது. மைதானத்தில் சாதி ஒழிய வேண்டும் என்று யாரும் வசனம் பேசவில்லை. அரசு தன் கடமையாக இதைச் செய்கிறது, அவ்வளவுதான். சாதிச் சண்டையைத் தீர்க்காமல், அதற்கு ஏற்பாடு செய்து, அதில் தானும் ஆதாயம் பார்க்கும் அதிகாரத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன அரசியல் மேடை எனக்கு நினைவில் இல்லை.

இன்னும் பின்னால் போனால் கலைவாணர். 1949இல் வந்த 'நல்லதம்பி'. கதை அண்ணாவுடையது. அதில் என்.எஸ்.கிருஷ்ணன் கிந்தனார் காலட்சேபம் செய்வார். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் ஊரெல்லாம் உருகி உருகிக் கேட்கப்பட்ட காலம். நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான், தீயில் இறங்கிய பிறகுதான் தரிசனம் கிடைத்தது என்பது பக்திக் கதை. (அயோத்திதாசர் அந்த நந்தனைப் பௌத்த அரசனாகவே வாசித்தார் என்பது வேறு கதை.) கலைவாணர் காலட்சேப வடிவத்தைத் தொடவில்லை. அதே நெளிவு, அதே இழுப்பு, அதே பக்கவாத்தியம். போகும் இடத்தை மட்டும் மாற்றினார். கிந்தனுக்குச் சிதம்பரம் வேண்டாம், பட்டணம் போய்ப் படிக்க வேண்டும். ரயிலேறிப் போகிறான், படித்து அதிகாரியாகத் திரும்புகிறான், அடித்து விரட்டிய வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கே வந்து நிற்கிறான். தீக்குளியல் இருந்த இடத்தில் ரயில் டிக்கெட். பழைய கதையைக் கேட்டுக் கண்ணீர் விட்டவர்கள் இந்த ஒரு மாற்றத்தைக் கேட்டதும், இத்தனை நாள் எதற்கு அழுதோம் என்று ஒரு கணம் விழித்திருப்பார்கள். வசைபாடாமலே ஒரு புனிதத்தை இறக்கி வைத்துவிட்டார்.

இதே முறைதான் 2018இல் 'பரியேறும் பெருமா'ளில். சட்டக் கல்லூரியில் சேர வந்தவனிடம் என்ன ஆகப் போகிறாய் என்று கேட்கிறார்கள். டாக்டர் என்கிறான். கேட்டவருக்கு இவன் வழிதவறி வந்துவிட்டானோ என்று சந்தேகம். எந்த டாக்டர் என்று தெரிந்ததும் அரங்கில் எழுந்த சத்தத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒரே சொல். கல்லூரி அதிகாரிக்கு அதில் ஸ்டெதாஸ்கோப் தெரிகிறது, பரியனுக்கு நீலக் கோட்டும் கையில் புத்தகமும் தெரிகிறது. இது யாருடைய அறியாமை என்பது ஒரு நொடியில் இடம் மாறுகிறது. முதலில் சிரிக்கத் தயாரானவர்கள் சிரிக்கப்படுபவர்களாகிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒரு காலத்தில் நகைச்சுவைப் பகுதியைத் தனியாக எழுதி, தனியாகப் படமெடுத்து, நடுவில் செருகுவார்கள். வெட்டி எடுத்தாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. ஊருக்கு வெளியே ஒரு தெரு மாதிரி, படத்துக்கு வெளியே ஒரு தெரு. அந்தத் தெருக்காரருக்குக் காதல் உண்டு, கல்யாணம் கிடையாது. கோபம் உண்டு, அதற்கு விளைவு கிடையாது. மடோன் அஷ்வினின் 'மண்டேலா' 2021இல் அந்தத் தெருக்காரரை ஊர் நடுவே கொண்டுவந்தது. முடி திருத்தும் தொழிலாளியாக யோகி பாபு. ஊரில் அவரை இளிச்சவாயன் என்பார்கள். வீட்டுக்குள் வேலைக்குப் போனால் பின்வாசல். சேர்த்த காசு திருடு போனதும் அஞ்சல் நிலையத்தில் கணக்குத் தொடங்கப் போகிறார். பெயர் கேட்கிறார்கள். பெயர் இல்லை. ஊரே கூப்பிடும் ஒருவருக்கு, படிவத்தில் எழுத ஒரு பெயர் இல்லை. இதுவரை அந்தப் பட்டப்பெயருக்குச் சிரித்துக்கொண்டிருந்த நமக்கு அங்கே கொஞ்சம் சுருக்கென்கிறது. எனக்கு என் விடுதி நண்பன் நினைவுக்கு வந்தான்.

பிறகு இரண்டு சாதியும் வாக்குகளில் சரிசமமாக நிற்க, அந்தப் பெயரில்லாதவரின் ஒரு வாக்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்றானதும், ஊர் அவர் காலடியில் வந்து குழைகிறது. இப்போது ஐஸ்கிரீம் சாப்ளின் சொன்ன இடத்தில் விழுகிறது. முழுப் படமும் குறையில்லாதது என்று சொல்லவில்லை. ஒடுக்கப்பட்டவர் நல்லவராக, பொறுமையானவராக இருந்தால்தான் நாம் அவர் பக்கம் நிற்போம் என்ற பழைய நிபந்தனை அதில் இன்னும் இருக்கிறது. செந்தில் அப்படி நல்லவராக இருக்கவே மாட்டார். பழத்தைத் தின்றுவிடுவார். அதனால்தான் நான் அவரை விட்டுக்கொடுப்பதில்லை.

உங்களில் ஒருவர் போன வாரம் எனக்கு ஒரு ரீல் அனுப்பியிருந்தார். அனுமதி வாங்கிக்கொண்டுதான் சொல்கிறேன். ஒரு இளைஞர் வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறார். வீட்டுக்காரர் சாதியை நேராகக் கேட்பவர் இல்லை, படித்தவர்.

"தம்பி எந்த ஊரு?"

சொல்கிறார்.

"ஊர்ல எந்தப் பக்கம்?"

"பஸ்ஸ விட்டு இறங்கினா சோத்தாங்கைப் பக்கம் சார்."

"அதில்ல, உங்க ஆளுங்க எல்லாம் எங்க இருக்காங்க?"

"அப்பா வேலைக்குப் போயிருக்காரு, அம்மா ரேஷன் கடையில நிக்கிறாங்க."

"இல்ல தம்பி, நீங்க என்ன மாதிரி ஆளுங்க?"

"ராத்திரி பதினோரு மணிக்குத் தூங்கிடுவோம் சார்."

வீட்டுக்காரருக்கு வியர்க்கிறது. கேட்க வேண்டியதை வாய்விட்டுக் கேட்க முடியவில்லை, கேட்காமல் விடவும் முடியவில்லை. ஒன்றரை நிமிடம். கடைசி வரை அவருக்குப் பதில் கிடைக்காது, இளைஞருக்கு வீடும் கிடைக்காது. எனக்கு ஒரே ஒரு குறைதான். முடிவில் அந்த 'டொய்ங்' சத்தத்தைப் போட்டிருக்க வேண்டாம். வீட்டுக்காரர் கேட்டை மூடும் சத்தமே போதும்.