துரையின் நீதிமன்றமும் தோட்டக் கூலியும்

பிரான்சிஸ் லைட் 1786இல் பினாங்கில் கொடியேற்றினார். முறையான நீதிமன்றச் சாசனம் வர 21 ஆண்டுகள் ஆயின. அதுவரை சில்லறைக் கடனும் கைகலப்பும் அந்தந்த இனத்தின் தலைவரான கப்பித்தான் முன்னிலையில் பைசலாயின. சூலியாக்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களுக்குக் கப்பித்தான், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர் காதர் முகைதீன். ஜார்ஜ் டவுனின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அந்தப் பதவியின் பெயரால்தான் இன்றும் அறியப்படுகிறது. ஆங்கிலேயர் ஒருவர் கொலையே செய்தாலும் தண்டிக்க அன்று இங்கே எவருக்கும் அதிகாரமிருக்கவில்லை. 1801இல் கல்கத்தாவிலிருந்து வந்த நீதிபதி ஜான் டிக்கன்ஸ், இயற்கை நீதியைத் தவிரத் தம் கையில் வேறு சட்டமில்லை என்று மேலிடத்துக்கு முறையிட்டார்.

தலைவர்களை வைத்து வழக்குத் தீர்க்கும் இதே வழியைத்தான் நூறாண்டு கழித்து ஆங்கிலேயர் நைஜீரியாவில் விரிவாகக் கையாண்டனர். தென்கிழக்கில், தலைவனே இல்லாத இக்போ ஊர்களில்கூட ஆளைப் பிடித்துப் பத்திரம் கொடுத்துத் தலைவனாக்கி நீதி வழங்க உட்கார வைத்தனர். அவர்களில் பலர் லஞ்சத்தில் கொழுத்தனர். 1929இல் பெண்கள் திரண்டெழுந்து அந்த நீதிமன்றங்களை இடித்தும் எரித்தும் தீர்த்தனர். துப்பாக்கிச் சூட்டில் 50 பேருக்கு மேல் மாண்டனர்.

பினாங்கு வேறு பாதையில் போனது. 1807 மார்ச் 25 தேதியிட்ட அரச சாசனம் எல்லா இனத்தாருக்கும் ஒரே நீதிமன்றத்தைத் தந்தது. மறு ஆண்டு எட்மண்ட் ஸ்டான்லி அதன் நீதிபதியாக, முதல் ரெக்கார்டராகப் பதவியேற்றார்.

காகிதத்தில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் தீவுக்கு எதிர்க்கரையான செபராங் பிறையின் கரும்புத் தோட்டத்துத் தமிழனுக்கு ரெக்கார்டர் எட்டாத தூரம். அவன் கண்டது மாஜிஸ்திரேட்டை. நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போதே கடன் கழுத்தில் ஏறிவிடும். கடன் கழியும்முன் வேலையை விட்டு ஓடினால் பிடிவாரண்டு. கூண்டில் அவன் தமிழில் சொன்னதைத் துபாஷி ஆங்கிலத்தில் சொல்வார். தீர்ப்பும் அதே வழியில் திரும்பி வரும். முதலாளி கூலியைப் பிடித்து வைத்தால் அது சிவில் பாக்கி. தொழிலாளி வேலையை விட்டால் அது குற்றம், சிறை. இந்தக் கோணல் தராசை எந்தச் சாசனமும் நிமிர்த்தவில்லை.

1858இல் வில்லன்ஸ் வழக்கு வந்தது. வேலையை விட்டுப் போகும் தொழிலாளியைத் தண்டிக்கும் 1823ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டம் இந்தத் தீவில் செல்லுமா என்பது கேள்வி. 1826ஆம் ஆண்டின் இரண்டாம் சாசனம் அந்நாளைய இங்கிலாந்துச் சட்டத்தை இங்கே கொண்டுவந்தது என்றார் ரெக்கார்டர் பென்சன் மேக்ஸ்வெல். சட்டக் கல்லூரிகளில் இது ஆங்கிலச் சட்டம் வந்து சேர்ந்த கதையாக மட்டும் சொல்லித் தரப்படுகிறது. வழக்கின் வேரில் ஒரு கூலியாளின் உழைப்பு இருந்தது மறந்துபோகிறது. மேக்ஸ்வெல் கல்நெஞ்சரல்ல. ஆங்கிலேயர் நடத்திய பேராக் போரைக் கண்டித்து 1878இல் நூல் எழுதியவர். பின்னர் எகிப்தின் உள்நாட்டு நீதிமன்றங்களைச் சீரமைக்கும் பணிக்கும் போனார். அப்படிப்பட்டவர் கையிலும் சட்டம் சட்டமாகவே இருந்தது.

இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாக மலாயாவுக்குச் சேர்ப்பது 1910இல்தான் நின்றது. அதுவரை ஓடிப்போன குற்றத்துக்காகச் சிறை சென்றவர்களின் பெயர், ஊர், தோட்டம், தண்டனைக் காலம் ஆகியவற்றை எஞ்சியுள்ள மாஜிஸ்திரேட் பதிவுகளிலிருந்தும் அக்கால நாளிதழ்களிலிருந்தும் தொகுக்க வேண்டும். தமிழும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்த பினாங்கு இளைஞர்கள் நான்கு பேர் போதும். அறக்கட்டளைகள் அவர்களுக்கு உதவித்தொகை தரலாம்.