மலையிலிருந்து இறங்கிவரும் நிறம்

இலையுதிர் காலத்தில் மலையின் நிறம் உச்சியில் தொடங்குகிறது. பிறகு, மாடிப்படி இறங்குவதுபோல, மெல்லக் கீழே வருகிறது. உயரம் கூடக் கூடக் குளிர் கூடுகிறது. குளிர் முதலில் படும் இடத்தில் இலை முதலில் சிவக்கிறது.

ஜப்பானின் தோக்கியோ நகரில் ஒருநாள் மலைநடைக்குச் செல்வோருக்கு இதுவே கணக்கு. நகரின் மேற்கு ஓரம் முழுவதும் மலைகள். அங்கே மித்தாக்கே மலை 900 மீட்டருக்குச் சற்று மேல். தக்காவோ மலை சுமார் 600 மீட்டர்தான். நவம்பர் முற்பகுதியில் உயரமான மித்தாக்கே சிவக்கிறது. அதே நாளில் தக்காவோவில் பச்சை மிச்சமிருக்கும். அங்கே மேப்பிள் இலைகள் நன்றாகச் சிவப்பது நவம்பர் பிற்பகுதியில். முந்திப் போனால் உயரமான மலை, பிந்திப் போனால் தாழ்ந்த மலை.

தக்காவோ எளிதான மலை. நகரின் ஷிஞ்சுக்கு என்ற நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் அடிவாரம். பாதி வழிக்குக் கேபிள் காரும் உண்டு. எளிது என்பதாலேயே விடுமுறை நாளில் திருவிழாக் கூட்டம், வாரநாள் நல்லது.

இலையைப் பார்ப்பவர்கள் கடிகாரத்தை மறந்துவிடுகிறார்கள். நவம்பர் இறுதியில் அங்கே மாலை நாலரைக்கே சூரியன் மறைகிறது. மரங்கள் அடர்ந்த பாதையில் இருட்டு அதற்கும் முன்பே வந்துவிடும். ஆகவே காலையிலேயே ஏறி, மூன்று மணிக்குள் இறங்குவது வழக்கம். பையில் ஒரு கைவிளக்கு, ஒரு கம்பளிச் சட்டை. உதிர்ந்த இலை ஈரமானால் வழுக்கும். இறங்கும்போது பிடிப்புள்ள காலணி வேண்டும்.