சந்திரனுக்குச் செல்லும் பாரவண்டி



ஓர் உழவர் தம் நெல்லைச் சந்தைக்கு அனுப்ப விரும்பினால், அதற்கென்று வண்டியொன்றைத் தாமே செய்து, மாடுகளையும் தாமே வளர்க்க வேண்டும் என்பதில்லை. வண்டி வைத்திருப்பவரிடம் கூலி பேசி மூட்டைகளை ஏற்றிவிடலாம். மூட்டை உழவருடையது, வண்டி பிறருடையது. இந்த எளிய வழக்கத்தை அமெரிக்க அரசாங்கம் சந்திரன் வரையில் கொண்டு சென்றிருக்கின்றது. அதைப் பற்றியே இன்று நான் பேச எண்ணுகின்றேன்.

முன்னாளில் முறை வேறாக இருந்தது. 1966 முதல் 1968 வரை அமெரிக்க அரசின் நாசா நிறுவனம் சர்வேயர் என்னும் ஏழு கலங்களைச் சந்திரனுக்கு அனுப்பியது. அவற்றின் அமைப்பை அரசாங்கமே வகுத்தது. செலவு முழுவதையும் அதுவே ஏற்றது. கலங்களும் அதன் உடைமையே. 2018-ஆம் ஆண்டில் நாசா புதிய வழியொன்றை மேற்கொண்டது. ஒன்பது தனியார் கம்பெனிகளை முதலில் தேர்ந்தெடுத்து, “எங்கள் விஞ்ஞானக் கருவிகளைச் சந்திரனில் கொண்டுபோய் இறக்குங்கள், பேசிய கூலியைத் தருகின்றோம்” என்றது. கலத்தைக் கட்டுவதும், ராக்கெட்டை அமர்த்துவதும், இறக்குவதும் கம்பெனியின் பொறுப்பு. மிகுந்த இடத்தில் பிறருடைய சுமைகளையும் அது ஏற்றிக்கொள்ளலாம்.

ஆனால், சந்திரனுக்குப் போகும் பாதை சந்தைக்குப் போகும் பாதையன்று. அங்கே காற்று மண்டலம் இல்லை. ஆகவே பாரசூட் பயன்படாது. வினாடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் விரையும் கலம், தன் எஞ்சினைக் கொண்டே வேகத்தைத் தணித்துக்கொள்ள வேண்டும். பூமியிலிருந்து அனுப்பும் கட்டளை சென்று சேர ஒரு வினாடிக்கு மேல் ஆகும். எனவே, இறங்கும் இறுதி நிமிடங்களில் கலம் தானே நோக்கி, தானே முடிவு செய்தாக வேண்டும்.

இம்முறையில் முதலிற் புறப்பட்டது பெரிகிரின் என்னும் கலம். 2024 ஜனவரி 8-ஆம் நாள் அது கிளம்பிய சில மணி நேரத்தில் எரிபொருட்பகுதியில் கசிவு கண்டது. ஒரு வால்வு சரிவர மூடாததே காரணம் என்று பின்னர் அறிந்தனர். சந்திரனை அடையாமலே பத்தாம் நாள் அது பசிபிக் கடலுக்கு மேலே எரிந்து அழிந்தது. அடுத்து ஒடீசியஸ் என்னும் கலம் அதே ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் தென்துருவத்தை அடுத்த பகுதியில் இறங்கியது. சந்திரனில் மெதுவாக இறங்கிய முதல் தனியார் கலம் அதுவே. ஆயினும் கால் ஒன்று முறிந்து சாய்ந்துவிட்டது. உயரத்தை அளக்கும் லேசர்க் கருவி வேலை செய்யவில்லை. புறப்படுமுன் கையால் நீக்க வேண்டிய ஒரு பாதுகாப்புப் பூட்டு நீக்கப்படாமற் போயிற்று! சாய்ந்த நிலையிலும் கருவிகள் சில செய்திகளை அனுப்பின.

2025 மார்ச்சு 2-ஆம் நாள் புளூ கோஸ்ட் என்னும் கலம் பத்து நாசா கருவிகளுடன், நிமிர்ந்து நின்றவாறே இறங்கியது. ஒரு கருவி தரையைத் துளைத்து நிலத்தடி வெப்பத்தை அளந்தது. மற்றொன்று வாயுவைப் பீய்ச்சி மண்ணைத் திரட்டியது. வேறொன்று மின்புலத்தால் தூசியை உதறிக் காட்டியது. மார்ச்சு 14-ஆம் நாள், நமக்குச் சந்திர கிரகணமாகத் தோன்றிய அதே நிகழ்ச்சியை, பூமி சூரியனை மறைக்கும் கிரகணமாக அக்கலம் படம் பிடித்தது. நம் கணக்கில் பதினான்கு நாள் நீண்ட சந்திரப் பகல் முழுவதும் உழைத்து, இரவு வந்த பின் அது ஓய்ந்தது. இதற்கிடையே, மார்ச்சு 6-ஆம் நாள் தென்துருவத்தருகே இறங்கிய அதீனா ஒரு பள்ளத்திற் பக்கவாட்டில் விழுந்து, மறுநாளே செயலற்றது. பனிக்கட்டியைத் தேடித் தோண்ட அது கொண்டுசென்ற கருவி தோண்டவே இயலவில்லை.

முதல் நான்கு பயணங்களில் முழு வெற்றி ஒன்றுதான். அப்படியானால், பொதுமக்களின் பணம் வீணாயிற்றா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பல ஆண்டுகள் உழைத்துச் செய்த கருவி ஒரு வால்வினால் எரிந்துபோனால், அதைச் செய்தவரின் துயரம் சிறிதன்று. எனினும், அரசாங்கமே நேராக நடத்திய ரேஞ்சர் திட்டத்திலும் முதல் ஆறு கலங்கள் தவறின. 1964-இல் ஏழாவதுதான் வென்றது. சர்வேயர் ஏழிலும் இரண்டு தவறின. புதிய தொழிலைக் கற்பவர் யாராயினும், கற்பதற்கு விலை உண்டு.

என் கருத்து இதுதான்: பலமுறை செய்யக்கூடிய கருவிகளை இத்தகைய வண்டிகளில் துணிந்து அனுப்பலாம். ஒன்று கெட்டால் மற்றொன்றைச் செய்துகொள்ளலாம். ஆனால், பெரும்பொருள் செலவிட்டு ஒன்றே ஒன்றாகச் செய்த கருவியை, நன்கு தேறாத வண்டியில் ஏற்றுவது சிக்கனமாகாது. மேலும், எதை அறியவேண்டும் என்று முடிவு செய்வதும், அறிந்ததை எல்லோருக்கும் வழங்குவதும் அரசாங்கத்தின் கடமையாகவே நிற்க வேண்டும். வண்டியைக் கூலிக்கு அமர்த்தலாம். அக்கடமையைக் கூலிக்கு விடலாகாது.

மாணவர்களே! நாளை நீங்கள் எஞ்சினியர்களாகலாம்; பொதுப்பணத்தைக் காக்கும் அதிகாரிகளாகவும் ஆகலாம். எஞ்சினியரானால், நீக்கப்படாத அந்தச் சிறு பூட்டை நினைவில் வையுங்கள். அதிகாரியானால், மலிவான கூலியைக் கேட்கும்போதே, தோல்வி நேர்ந்தால் இழப்பது என்ன என்பதையும் கணக்கிடுங்கள்.