மண் அவர்களது, விலை பிறரது!

(வாசிகசாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஒரு நாட்டின் செல்வம் அதன் மண்ணுக்குள் இருக்கிறதென்று பள்ளிக்கூடத்துப் பூமிசாத்திரத்திலே படித்தோம். நான் பின்னர் படித்த சட்டமோ வேறொரு வினாவை எழுப்பச் சொல்கிறது: அம்மண்ணிலிருந்து எடுக்கும் பொருளுக்கு விலை வைப்பவர் யார்? இதற்கு நவூரு என்னும் தீவின் கதையைக் காட்டிலும் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

பசிபிக் சமுத்திரத்தில், பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே, ஏறத்தாழ 21 சதுர கிலோமீற்றர் பரப்புடைய தீவு அது. கரையோரத்தில் தென்னையும் குடியிருப்பும், நடுவே மேட்டுநிலம். அம்மேட்டிலே பொசுபேற்றுப் பாறை. இதனை உலகம் அறிந்தவாறு வேடிக்கையானது. சிட்னி நகரிலே ஒரு கம்பெனிக் காரியாலயத்தில், கதவு சாத்திக்கொள்ளாதபடி ஒரு கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருந்தனர். கல்லாய்ச் சமைந்த மரத்துண்டு என்றே பலரும் எண்ணினர். அல்பேட் எல்லிஸ் என்பவர் ஐயுற்றுச் சோதித்தார், உயர்தரப் பொசுபேற்று! ஜேர்மனியின் ஆட்சியில் தீவு இருந்தபொழுதே, 1906இல், தோண்டத் தொடங்கினர். நிலத்துக்குரியவர் பெற்றது தொன்னுக்கு அரைப்பென்னி.

1914இல் அவுஸ்திரேலியப் படை தீவைக் கைப்பற்றியது. சர்வதேச சங்கம் பொறுப்பாட்சியை வழங்கியது 1920 டிசெம்பரில். ஆனால் 1919 யூலையிலேயே பிரித்தானியாவும் அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தமக்குள் உடன்படிக்கை எழுதி, பொசுபேற்றை 42, 42, 16 வீதமெனப் பங்கிட்டுவிட்டன. நீதிமன்று பாதுகாவலரை நியமிக்கு முன்னரே, பாதுகாவலர் பிள்ளையின் சொத்தைப் பங்குபோட்ட கதை இது.

அவ்வுடன்படிக்கையின் உயிர்நாடி விலை பற்றிய வாசகமே. மூன்று நாடுகளின் விவசாயத்துக்கும் பொசுபேற்றை அடக்க விலைக்கே கொடுக்கவேண்டும் என்கிறது அது. தோண்டுகூலி, ஏற்றுகூலி, நிருவாகச் செலவு முதலியன சேர்ந்ததே அடக்க விலை. கல்லுக்கென்று உரியவருக்குக் கிடைத்தது சொற்ப உரிமைப்பணம். விற்பவரும் வாங்குபவரும் ஒருவரேயாயின் பேரம் ஏது? அவுஸ்திரேலிய மண்ணிற் பெரும்பகுதி பொசுபரசு குறைந்தது. பாறைத்தூளைக் கந்தகவமிலத்துடன் சேர்த்து உரமாக்கி இட்டால் கோதுமை விளையும், புல் செழிக்கும். புல் செழித்தால் கம்பளியும் வெண்ணெயும் கப்பலேறும். சந்தை விலைக்கும் அடக்க விலைக்கும் இடைப்பட்ட பணம் நவூரு மக்களின் கையைத் தொடாமலே அந்நாட்டுக் கமக்காரரைச் சென்றடைந்தது. அக்கமக்காரர்மீது எனக்குக் கோபமில்லை. அவர் உரம் வாங்கினார், அவ்வளவே.

1964இல் அம்மக்களுக்குக் குயீன்சுலாந்துக் கரைக்கப்பால் வேறொரு தீவு தருவதாகச் சொல்லப்பட்டது. அங்கே சென்றால் தனியொரு மக்களாக வாழும் உரிமை போய்விடுமென்று அவர்கள் மறுத்தனர். ஹமர் டிறொபேட் தலைமையில் 1968 சனவரி 31இல் விடுதலை பெற்றனர். 1943இல் யப்பானியர் துறுக் தீவுக்கு நாடுகடத்திய 1,200 பேரில், உயிரோடு மிஞ்சிய 737 பேர் 1946இல் தாயகம் திரும்பிய நாளும் அதுவே.

விடுதலைக்கு முன் தோண்டிய நிலத்தைச் சீர்ப்படுத்தும் பொறுப்பு யாருடையது? இதை ஆராய்ந்த ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம் நாட்டுச் சட்ட அறிஞர் கிறிஸ்ரோபர் வீரமந்திரி. 1989இல் நவூரு சர்வதேச நீதிமன்றிலே அவுஸ்திரேலியாமீது வழக்குத் தொடுத்தது. எதிராளியின் தடைவாதங்களிற் பெரும்பாலானவற்றை மன்று 1992 யூனில் தள்ளியது. 1993இல் 10 கோடி 70 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தர இணங்கிச் சமரசமாயிற்று. ஆயினும் மேட்டுநிலத்தில் எஞ்சியவை சுண்ணக்கற் கூர்முனைகளே. ஒன்றை ஒளிக்காமற் சொல்லவேண்டும்: விடுதலைக்குப்பின் வந்த பெரும்பணத்தைத் தவறான முதலீடுகளில் இழந்தவர்கள் அவர்களுடைய சொந்த ஆட்சியாளர்களே.

பொசுபேற்று நம் நாட்டிலும் உண்டு. எப்பாவலையில் 1971இல் கண்டறியப்பட்டது. அதனை அமெரிக்கக் கம்பெனியொன்றின் துணையுடன் பெருமளவில் தோண்டும் திட்டத்தை உயர் நீதிமன்றம் 2000 யூனில் தடுத்து நிறுத்தியது. தக்க ஆய்வும் சுற்றாடல் மதிப்பீடும் முடியாமல் ஒப்பந்தம் செய்யலாகாது என்றது. இயற்கை வளங்கள் அரசினரிடம் மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பாக உள்ளவை என்ற அத்தீர்ப்பு, வீரமந்திரி சர்வதேச நீதிமன்றிலே எழுதிய தனிக்கருத்தொன்றையும் துணைக்கொண்டது. வழக்காளிகள் ஏழு பேர், அந்த ஊரவர்கள். அவர்களுள் ஒருவர் விகாராதிபதி.