நாயைப் பூனை விரட்டும்போது

பேச்சுப் பயிற்சியாளர்களும் மொழியியலாரும் மருத்துவர்களும் கூடியிருக்கும் இந்த அரங்கில், முன்வரிசையை அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள். பிள்ளைகளின் பேச்சை நாள் முழுக்கக் காதில் வாங்குபவர்கள் அவர்கள்தான். ஆகவே அவர்களைப் பார்த்தே பேசுகிறேன்.

நம் கவலைக்குரிய குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கும். விளையாட்டில் சூட்டிகை. ஆட்டிசம் இல்லை. ஆனாலும் நாலு வயதில் அது சொல்லும் வாக்கியம் இரண்டு வயதுப் பிள்ளையின் வாக்கியமாக இருக்கும். "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசுனான்" என்று பாட்டி நாக்கில் வசம்பைத் தேய்ப்பார். பாட்டி சொல்வதில் பாதி உண்மை: இந்த மொழி வளர்ச்சிக் குறைபாடு குடும்ப வழியில் வருவதுண்டு. அதனாலேயே காத்திருக்கக் கூடாது. அமெரிக்காவின் அயோவாவில் டாம்ப்ளின் குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வின்படி, பள்ளியில் சேரும் வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினருக்கு இது இருந்தது. முப்பது பேர் உட்காரும் வகுப்பில் இரண்டு பேர்.

ஆங்கிலத்தில் இவர்களைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் மேபல் ரைஸும் கென்னத் வெக்ஸ்லரும் 1990களில் ஒரு வழி காட்டினார்கள். 'வாக்ட்', 'வாக்ஸ்' என்று வரவேண்டிய இடத்தில் ஐந்து வயதிலும் வெறும் 'வாக்' என்றே பிள்ளை சொன்னால் கவனிக்க வேண்டும். இந்த அடிப்படையில் 2001இல் ஒரு சோதனைத் தொகுப்பும் வந்தது. அதை மொழிபெயர்த்துக்கொள்ளும் ஆசை நம்மவர்களுக்கு உண்டு. வேண்டாம் என்பதே என் கருத்து. தமிழ் வினையில் விகுதியைக் கழற்றினால் மிஞ்சுவது 'வா', 'போ' என்ற ஏவல்தான். பரிமளா ராகவேந்திராவும் லாரன்ஸ் லெனார்டும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், தமிழ்க் குழந்தைகள் மழலைப் பருவத்திலேயே வினை விகுதிகளை மிகக் குறைந்த பிழையோடு கையாளுவதைக் காட்டினார்கள். குறைபாடுள்ள இத்தாலியக் குழந்தைகளும் வினை விகுதியில் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறார்கள் என்பது லெனார்டின் இன்னொரு கண்டுபிடிப்பு. "வந்தான், போனான்னு சரியாத்தானே சொல்றான்" என்று நாம் அனுப்பிவிடும் பிள்ளையைப் பற்றித்தான் எனக்குப் பயம்.

தமிழில் எங்கே தேடுவது? வேற்றுமை உருபிலும் எச்சத்திலும் தேடுங்கள் என்பேன். இரண்டு படங்களை வையுங்கள்: ஒன்றில் நாய் பூனையை விரட்டுகிறது, மற்றதில் பூனை நாயை. "நாய பூனை வெரட்டுச்சு, எது?" என்று கேளுங்கள். உலக நடப்பை மட்டும் நம்பும் பிள்ளை முதல் படத்தைத் தொடும். 'நாய' என்பதன் கடைசியில், பேச்சில் 'அ' என்று ஒலித்து நிற்கும் அந்தச் சின்ன 'ஐ' காதில் விழுந்த பிள்ளை இரண்டாவதைத் தொடும். அடுத்து, ஜீன் பெர்கோ 1958இல் இல்லாத சொற்களை வைத்துச் செய்த சோதனையை நம் இலக்கணத்துக்கு ஏற்பச் செய்யலாம். ஒரு பொம்மையைக் காட்டி, "இது டுமம். அக்கா எத எடுத்தா?" என்று கேளுங்கள். 'டுமத்த' என்று பதில் வந்தால், மகர ஈறு அத்துச்சாரியை பெறும் விதி பிள்ளையின் தலைக்குள் இருக்கிறது. 'மரத்த', 'பழத்த' என்று கேட்டதை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளை இங்கே மாட்டிக்கொள்ளும். மூன்றாவது, திருப்பிச் சொல்லச் சொல்வது. "பந்த எடுத்துட்டு வந்து அக்காட்ட குடு" என்ற வாக்கியம் "பந்து எடு, அக்கா குடு" என்று உடைந்து வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வது நம்பகமான அடையாளம் என்று ஆங்கில ஆய்வுகளும் சொல்கின்றன. எந்த வயதில் எது கைகூடும் என்ற கணக்கை நம் திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூரிலும் நிலக்கோட்டையிலும் நாமே எடுக்க வேண்டும். பாடநூல் தமிழில் அல்ல, மேலே சொன்ன பேச்சுத் தமிழில்.

இன்னொரு எச்சரிக்கை. நாகல் நகரில் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறார்கள், சின்னாளப்பட்டி நெசவாளர் வீடுகளில் கன்னடமோ தெலுங்கோ. அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தடுமாறினால் அது நோயல்ல. உண்மையான குறைபாடு இரண்டு மொழியிலும் தெரியும்; வீட்டு மொழியில் கேட்காமல் யாருக்கும் முத்திரை குத்தாதீர்கள்.

அரசின் கதவுகள் பாதி திறந்திருக்கின்றன. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் பட்டியலில் மொழி வளர்ச்சித் தாமதம் இருக்கிறது. அதன் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வரவேண்டும். 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, பேச்சு மொழிக் குறைபாடு என்பதை உறுப்பு அல்லது நரம்புக் கோளாற்றால் வந்த நிரந்தரப் பாதிப்பாக வரையறுக்கிறது. நம் பிள்ளைக்கு அப்படியொரு கோளாறு எந்தப் பரிசோதனையிலும் தெரியாது. கற்றல் குறைபாடு என்ற பிரிவில் நுழையலாம் என்றால், அதற்கான சான்றிதழுக்கு எட்டு வயது ஆகவேண்டும். மூன்று வயதில் கண்டுபிடித்து எட்டு வயதுவரை கையைக் கட்டி நிற்பதா? இந்த இடைவெளியை அடைக்கும்படி அரசுக்கு ஒரு தீர்மானம் இன்று மாலை வரவேண்டும். வாசகத்தை மதிய உணவுக்குள் எழுதித் தாருங்கள்.

கட்டுரை வாசிப்போருக்கு ஒரு வேண்டுகோள்: குழந்தை சொன்னதைச் சொன்னபடியே வாசியுங்கள், எழுத்துத் தமிழாகத் திருத்திவிடாதீர்கள். முதல் அமர்வு வேற்றுமை உருபுகள் பற்றியது. முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.